பூஜையிலிருந்து எடுத்த லேப்டாப்

பீர்க்கன்கரணை
6.10.2025

ஜெயஸ்ரீக்கு உன் மாமியார் கிளியம்மாள் எழுதுவது.

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. பள்ளிக்கூடம் விட்டு என்னிடம் வந்து இருக்கிற உன் மகளைக் கூட்டிப்போக, தினமும் சாயங்காலம் என் கேட்டுக்கு வெளியே நின்று "உதயா" என்று கூப்பிடுகிறாயே, அந்தக் குரலில் ஒரு குறையும் இல்லை. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உன்னோடு பேச மாட்டேன் என்று சொன்னேன். பேச மாட்டேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. பேத்தியின் சாப்பாட்டுப் பையில் இதை வைத்து அனுப்புகிறேன். ஐந்தாவதோடு நின்றவள்தான், ஆனால் என் கையெழுத்தைப் பார்த்து டீச்சரே தன் நோட்டில் எழுதச் சொல்வார்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பிறகு மாற்றிச் சொல்லாதே. ஆயுத பூஜையன்று மண்வெட்டி, அரிவாள்மணை, என் பிள்ளை சம்பத்தின் கார் சாவி, உதயாவின் புத்தகம், உன் லேப்டாப், எல்லாவற்றையும் வைத்துப் பொட்டு வைத்தேன். அவன் போய் இரண்டு வருஷமாகியும் அந்தச் சாவிக்குப் பொட்டு வைக்காமல் விட்டதில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். அதுவரை புத்தகத்தைத் திறக்கக்கூடாதென்று சின்னக் குழந்தைக்குத் தெரியும். நீ அன்றைக்குச் சாயங்காலமே உள்ளே போய், பூவைத் தள்ளிவிட்டு, குங்குமத்தைத் துப்பட்டாவால் துடைத்து, சரஸ்வதி படத்துக்கு எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டினாய். கேட்டால், "எந்த மொழின்னு இன்னிக்குள்ள சொல்லணும் அத்தை, இல்லேன்னா வகுப்புல இடம் போயிடும்" என்றாய்.

சரி, ஒரு மொழியைச் சொன்னாய். சுலபமானதையாவது சொன்னாயா? எல்லோரும் பயப்படுகிற கஷ்டமான மொழியைச் சொன்னாய். முப்பத்தாறு வயசில், ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, நாள் பார்க்காமல், பூஜையைக் கலைத்து.

நான் கோபத்தில் பேசினேன். நீயும் பேசினாய். மறுநாளே கீழ்க்கட்டளையில் ரூம் எடுத்துப் போய்விட்டாய்.

வெள்ளிக்கிழமை எல்லையம்மன் கோவில் வேப்பமரத்தில் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து கட்டிவிட்டு வந்தேன். மறைவாகச் செய்யும் பழக்கம் எனக்கில்லை, அதனால் சொல்கிறேன். நீ இந்தப் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு வரணும். அதுதான் வேண்டுதல். அவளிடம் கேட்டு நடக்காதது இதுவரை ஒன்றுமில்லை.

உதயாவுக்கு வெண்டைக்காய் வைக்காதே. அப்படியே திரும்பி வருகிறது.

கிளியம்மாள்

•

கீழ்க்கட்டளை
7.10.2025

அன்புள்ள அத்தைக்கு,

வெண்டைக்காய் வைக்கவில்லை. இன்றைக்கு உருளைக்கிழங்கு.

பூஜையைக் கலைத்தது தப்புதான். ஆனால் அன்றைக்கு விட்டிருந்தால் அடுத்த வகுப்பு ஏப்ரலில்தான். ஜவுளிக்கடையில் பில் போட்டுப் போட்டு என் முதுகு போய்விட்டது என்று உங்களுக்குத் தெரியும். தைலம் தேய்த்துவிட்டதே நீங்கள்தான்.

மொழி என்றதும் நீங்கள் இந்தி, இங்கிலீஷ் மாதிரி நினைத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது. இது கம்ப்யூட்டரிடம் வேலை சொல்வதற்கான மொழி. பைத்தான் என்று ஒன்று, சுலபம். சி என்று ஒன்று, கஷ்டம். எங்கள் வகுப்பில் பெரும்பாலும் இருபது வயசுப் பிள்ளைகள், அவர்களே பைத்தானைத்தான் எடுத்தார்கள். சி எடுத்தது நான்கு பேர். லக்ஷ்மிநாராயணன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முதல் மொழியே இதுவாம்மா? நீச்சல் தெரியாம நேரா கோவளம் கடல்ல போய்க் குதிக்கிற மாதிரி" என்றார். நான் மாற்றவில்லை. காரணம் இருக்கிறது. இப்போது எழுத வரவில்லை.

ஜனவரியில் தேர்வு. அதில் தேறாவிட்டால் நானே உதயாவைக் கூட்டிக்கொண்டு பீர்க்கன்கரணைக்கு வந்துவிடுகிறேன். மறுபடி ஜவுளிக்கடைக்கே போகிறேன். இதை நான் எழுதித் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். அதனால் முடிச்சு தேவையில்லை. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கையும் இல்லை.

ஜெயஸ்ரீ

•

பீர்க்கன்கரணை
23.10.2025

ஜெயஸ்ரீக்கு,

நம்பிக்கை இல்லாதவளுக்கு எதற்குப் பயம்? உன் மகள் சொல்கிறாள்: "ஆயா, அம்மா லேப்டாப்பப் பாத்து, 'ஏன் இப்படிப் பண்றே, நான் உனக்கு இன்னா பண்ணேன்'னு கேட்டுகினே இருக்குது. சாப்புடவே மாட்டேங்குது." உன் ரூமுக்குப் பக்கத்துக் குடித்தனக்காரர்களோடு சேர்ந்து பேச்சு அப்படி ஆகிவிட்டது, அதை நான் திருத்திக்கொள்கிறேன். ஆனால் சொன்ன விஷயத்தை நான் எப்படித் திருத்துவது?

தீபாவளிக்கு உதயாவைக் கேட்டோடு விட்டுவிட்டுப் போனாய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உனக்குக் கழுத்தெலும்பு தெரிகிறது. சம்பத் படுத்த வருஷம் இப்படித்தான் இருந்தாய். வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

ரேஷ்மாவிடம் விசாரித்தேன். மாடிப் போர்ஷனில் இருக்கிற பெண், ஆபீசில் கம்ப்யூட்டர் வேலைதான். "பைத்தான்னா மலைப்பாம்பு ஆன்ட்டி. ஆனா அதான் ஈஸி. சி ரொம்ப டேஞ்சர்" என்கிறாள். பாம்பின் பேர் வைத்தது சாதுவாம், ஒற்றை எழுத்துப் பேர் வைத்தது ஆபத்தாம். இது என்ன நியாயமோ. ஆபத்தென்றால் எப்படி ஆபத்து, ஷாக் அடிக்குமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ சொல். என்ன ஆபத்து? கம்ப்யூட்டருக்கா உனக்கா?

அதிரசம் வைத்திருக்கிறேன். உதயாவுக்கு. இரண்டு அதிகமாக இருந்தால் எறிந்துவிடாதே.

கிளியம்மாள்

•

கீழ்க்கட்டளை
3.11.2025

அன்புள்ள அத்தைக்கு,

அதிரசம் எல்லாவற்றையும் நானே சாப்பிட்டேன். உதயாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

என்ன ஆபத்து என்று கேட்டீர்கள். நம் வீட்டு விஷயத்தை வைத்தே சொல்கிறேன். போன வருஷம் சின்னப்பன் அண்ணன் மாடியைக் காலி செய்தார். நீங்கள் ஒரு சாவியை வாங்கினீர்கள், இன்னொன்று அவரிடமே இருந்துவிட்டது. ரேஷ்மா குடிவந்த பிறகு ஒருநாள் அவர்பாட்டுக்கு, மறந்துபோன கொசுவலையை எடுக்கப் பூட்டைத் திறந்து உள்ளே போனார். ரேஷ்மா போட்ட அலறலில் ஏரிக்கரை வரைக்கும் ஆள் கூடியது. "அட இன்னாம்மா, என் வூட்டுக்கு நான் வர்றதுக்கு இந்தக் கத்து கத்துற" என்று அவர் அவளையே கேட்டாரே, நினைவிருக்கிறதா?

கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி அறைகள் இருக்கின்றன. நாம் எழுதும் வேலைக்கு ஓர் அறையை வாங்குகிறோம், முடிந்ததும் காலி செய்துவிடுகிறோம். பைத்தானில் சாவியை யாரிடமிருந்து வாங்கணும், எப்போது காலி செய்யணும் என்பதையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். தப்பாக நுழைந்தால் நிறுத்தி, இந்த வரியில் தப்பு என்று சொல்லும். சி அப்படியில்லை. எல்லாச் சாவியும் நம் கையில். காலி செய்த அறைக்குள் பழைய சாவியோடு நுழைந்தாலும் விட்டுவிடும். அங்கே அலற யாரும் இல்லை. வேறு யாரோ வைத்திருந்ததை நம்முடையது என்று நினைத்து எடுத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஒரு வாரம் சரியாக ஓடும். அப்புறம் ஒருநாள் தப்பான கணக்கைச் சொல்லும். எங்கே தப்பு என்று சொல்லாது.

அதுதான் ஆபத்து. சத்தம் போடாமல் தப்பாவது.

போன வெள்ளிக்கிழமை என் முறை. எல்லோர் முன்னாலும் நான் எழுதியதை ஓட்டிக் காட்டணும். வீட்டில் பத்துத் தடவை ஓடியது, வகுப்பில் பாதியில் விழுந்தது. ஜெபின் என்று ஒரு பையன், "விடுங்கக்கா, அதுக்கும் உங்கள மாதிரி முதுகுவலி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டுப் பாத்ரூம் போய் அழுதேன்.

அத்தை, இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நம்பிக்கை இல்லை என்றுதான் சொன்னேன். ஆனால் அது விழுந்த நிமிஷம் என் மனசில் வந்தது அந்த வேப்பமரம். இப்போதெல்லாம் கீபோர்டில் கை வைத்தாலே மஞ்சள் துணி ஞாபகம் வருகிறது. நீங்கள் மரத்தில் கட்டினீர்கள், இங்கே என் விரல் அசைய மாட்டேன் என்கிறது. தெரிந்த வரியையே நாலு தடவை அழித்து அழித்து எழுதுகிறேன்.

அதை அவிழ்த்துவிடுங்களேன். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜெயஸ்ரீ

•

பீர்க்கன்கரணை
6.11.2025

ஜெயஸ்ரீக்கு,

கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்குவது என் பரம்பரையில் கிடையாது. ஆளிடமே கிடையாது, அம்மனிடம் போய் வாங்குவேனா? கேட்ட வரத்தை வேண்டாமென்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் யார்மேல் விழும்? என்மேல் விழுந்தால் போகட்டும், வாழ்ந்து முடித்தவள். உன்மேலோ குழந்தைமேலோ விழுந்தால்? எனக்குப் பயம். கட்டினது இருக்கட்டும்.

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து வேறு ஒரு பயம். தப்பு செய்தால் சொல்லாத ஒன்றை எதற்குப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய்? கட்டின புருஷனாக இருந்தாலாவது, வேறு வழியில்லை என்று இருக்கலாம். பக்கத்திலேயே நின்று தப்பைச் சொல்லிக்கொடுக்கிற அந்த மலைப்பாம்பு இருக்கிறதே. காரணம் இருக்கிறது, எழுத வரவில்லை என்று போன மாசம் எழுதினாய். இப்போது எழுது. நீ சுற்றி வளைத்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

முருங்கைக்கீரை வைத்திருக்கிறேன். இது உனக்குத்தான், உதயா தொடமாட்டாள்.

கிளியம்மாள்

•

கீழ்க்கட்டளை
10.11.2025

அன்புள்ள அத்தைக்கு,

சுற்றி வளைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியில் ஒரு மெஷின் மாட்டியிருந்ததே, சின்ன டிபன் டப்பா அளவில், பச்சை விளக்கு எரியுமே, அதைச் சொல்கிறேன். மருந்தைச் சொட்டுச் சொட்டாக இத்தனை நேரத்துக்கு இவ்வளவு என்று அளந்து இறக்குகிற பம்ப். மருந்து தீர்ந்தாலும் குழாய் அடைத்தாலும் கத்தும். கத்தினதும் நான் ஓடுவேன், நர்ஸ் வந்து ஏதோ பட்டனை அழுத்துவார்கள், அடங்கிவிடும். நீங்கள்கூட ஒருநாள், "இதுக்கு இருக்கிற அக்கறை அந்த டாக்டருக்கு இல்ல" என்று சொன்னீர்கள்.

கடைசி நாள் மத்தியானம் நீங்கள் வெந்நீர் வாங்கக் கீழே போனீர்கள். நான் அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது கத்தவில்லை. விளக்கு பச்சையாகவே இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்தேன். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மெஷின்மேல் தப்பில்லை என்று சொன்னார்கள். மருந்து சரியாகத்தான் இறங்கியிருந்ததாம், நோய்தான் காரணமாம். நானும் அதை நம்புகிறேன். நம்பித்தான் ஆகணும். ஆனால் அத்தை, அன்றைக்கிலிருந்து சத்தம் போடாத எதைப் பார்த்தாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. ஃபிரிட்ஜ் சத்தம் நின்றால் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். உதயா தூங்கும்போது மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். இப்போது அவள் முழித்துக்கொண்டு, "அம்மா, இருக்கேன்மா" என்கிறாள்.

வகுப்பைப் பற்றி விசாரிக்கப் போன முதல் நாளே சார் சொன்னார். வெப்சைட், கணக்கு இதற்கெல்லாம் பைத்தான் போதும். ஆனால் லிஃப்ட், காரின் பிரேக், ஆஸ்பத்திரி மெஷின் இதற்குள்ளெல்லாம் பெரும்பாலும் சிதான் ஓடுகிறது என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பச்சை விளக்கை எரியவைத்தது யாரோ ஒருவர் எழுதிய வரி. எப்போது கத்தணும், எப்போது கத்தக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அந்த வரியை எழுதியவருக்குச் சம்பத்தைத் தெரியாது. அவர் அன்றைக்கு ஒழுங்காகத் தூங்கினாரோ என்னவோ. சாவியெல்லாம் எண்ணி வைத்தாரோ என்னவோ.

எனக்கு அது தெரிந்தாகணும். வேறு காரணமில்லை.

துரைப்பாக்கத்தில் அந்த மாதிரிப் பம்ப் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று இருக்கிறது. தேர்வில் தேறினால் சோதனைப் பிரிவில் பயிற்சிக்கு எடுப்பார்கள் என்று சார் சொல்கிறார்.

எனக்குத் தேறுவதற்கும் பயம். தேறாமல் போவதற்கும் பயம்.

ஜெயஸ்ரீ

•

பீர்க்கன்கரணை
8.12.2025

ஜெயஸ்ரீக்கு,

உன் கடிதம் வந்து இத்தனை நாளாகியும் பதில் எழுதவில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். நான் அன்றைக்கு வெந்நீர் வாங்கப் போனவள் கவுன்டரில் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டு நின்றேன். இதற்குமேல் அதைப்பற்றி எழுதமாட்டேன். நீயும் எழுதாதே.

மழை விட்டதும் சனிக்கிழமை கோவிலுக்குப் போனேன். ஏரி கரை வரை வந்து நிற்கிறது, தெருவில் கணுக்கால் தண்ணீர். முடிச்சை அவிழ்க்கத்தான் போனேன். ஆம், அவிழ்க்கத்தான். அம்மன் கோபித்தால் கோபிக்கட்டும், விரல் கட்டிப்போனவள் ஆஸ்பத்திரி மெஷினில் கை வைப்பது அதைவிடப் பயங்கரம் என்று தோன்றிவிட்டது.

போய்ப் பார்த்தால், அய்யோ ஜெயா, மரம் முழுக்கத் துணி. நூறு இருக்கும், இருநூறு இருக்கும். அடித்த மழையில் மஞ்சள் எல்லாம் கரைந்து அத்தனையும் வெள்ளை வெளேரென்று ஒரே மாதிரித் தொங்குகிறது. எது என்னுடையது? தெற்குப் பக்கத்துக் கிளை என்று ஞாபகம். அந்தக் கிளையில் மட்டும் முப்பது தொங்குகிறது.

கோவில் வாசலில் எலுமிச்சம்பழம் விற்கிற எல்லம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னா கிளியம்மா, கட்னத அவுக்க வந்துகீறயா? இது இன்னா ஜவுளிக்கடயா, புடிக்கலன்னா ரிட்டன் குடுக்கறதுக்கு?" என்றாள்.

"உன் வேலயப் பாரு. என் முடிச்சு எதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சா அவுத்துக்கோயேன். இன்னாத்துக்கு மரத்த மொறச்சுகினு நிக்கிற?"

அவள் எதிரில் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. என் முடிச்சு இரட்டை முடிச்சு, அது மாதிரியே ஒன்று இருந்தது, பிடித்து அவிழ்த்துவிட்டேன். உள்ளே என் ஒரு ரூபாய் இல்லை. பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் கையில் மாட்டுவார்களே பிளாஸ்டிக் பட்டை, அது இருந்தது. அதில் எழுதியிருந்த பேர் அழிந்துபோயிருந்தது.

 யாரோ ஒருத்தி தன் குழந்தைக்காக மூடி வைத்ததை நான் திறந்துவிட்டேன். நீ எழுதினாயே, மற்றவர் அறைக்குள் பழைய சாவியோடு நுழைவது, யாரும் அலறமாட்டார்கள் என்று. நான் நின்ற இடத்தில் அப்படித்தான் இருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை. அந்தக் குழந்தை இப்போது எங்கே, எப்படி இருக்கிறது? என்னால் அதற்கு ஏதாவது ஆகுமா? யாரைப் போய்க் கேட்பது?

"எல்லம்மா, இது யார்து?" என்றேன்.  அவள் எழுந்து வந்து பார்த்தாள். கேலியெல்லாம் போய்விட்டது. "தெர்லயே கிளியம்மா. கட்டுறவங்க பேரா சொல்லிட்டுக் கட்றாங்க? மொதல்ல மூடு, மூடு" என்றாள். புதுத் துணி கொடுத்தாள், காசு வாங்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தப் பட்டையை வைத்து, முன்பிருந்ததைவிட இறுக்கமாகக் கட்டினோம். நான் மூன்று முடிச்சுப் போட்டேன்.

அப்புறம் அம்மனிடம் போய் நின்று சொன்னேன். "என் முடிச்சு எதுன்னு எனக்குத் தெரியல. உனக்குத் தெரியும். நீயே அவுத்துக்கோ. அந்தப் பிள்ளக்கி ஒண்ணும் ஆகக்கூடாது. என் மருமகளுக்கும் ஆகக்கூடாது." கேட்டாளா என்று தெரியாது. கேட்ட மாதிரி ஒரு அடையாளமும் இல்லை. பூ விழவில்லை, பல்லி சொல்லவில்லை.

அதனால் உனக்கு நான் உறுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றை யோசித்தேன். அந்த மரத்தில் நான் தைரியமாக, எனக்குத் தெரியும் என்று அவிழ்த்தேன், தப்பானது. பயந்து கட்டினேனே, அந்தக் கட்டு அவிழாது. உன் பயத்தைப் பார்த்து நான் பயந்துகொண்டிருந்தேன். அந்த மாதிரி மெஷினுக்கு எழுதுகிறவள் பயந்தவளாகத்தான் இருக்கணும். பயமில்லாதவன் எழுதியதை என் வீட்டு மனுஷர் கையில் குத்த நான் விடமாட்டேன்.

நாலு தடவை அழித்து எழுதுகிறேன் என்றாயே. ஐந்தாவது தடவையும் அழி. யார் உன்னை அடிக்கிறது?

கிளியம்மாள்

•

கீழ்க்கட்டளை
12.1.2026

அன்புள்ள அத்தைக்கு,

தேறிவிட்டேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரி வரைக்கும் உங்களுக்கு மூச்சு முட்டும்.

மார்க் பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு பேரில் மூன்றாவது. கொடுத்த நேரத்தில் முதல் இரண்டு பேர் ஐந்து கணக்கு முடித்தார்கள், நான் மூன்று. நடுவில் ஒரு இடத்தில் கை நின்றுவிட்டது. துணி ஞாபகம் வந்தது, ஆனால் இந்தத் தடவை அந்தப் பிளாஸ்டிக் பட்டையும் கூடவே வந்தது. திரும்ப மேலேயிருந்து ஒவ்வொரு சாவியாக எண்ணிக்கொண்டு வந்தேன். ஒன்றைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டிருந்தேன்.

பார்க்க வந்த கம்பெனிக்காரர் என் திரையைப் பார்த்துவிட்டு, "இதே விஷயத்தை ரெண்டு இடத்துல செக் பண்ணிருக்கீங்களே, ஏன்? ஒண்ணு போதுமே" என்றார். எனக்கு இங்கிலீஷில் நல்ல பதில் வரவில்லை. "பயம் சார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன். அப்புறம், "திங்கக்கிழமை வந்து ஜாயின் பண்ண முடியுமா? பொங்கல் கழிச்சு" என்றார்.

அத்தை, பொங்கலுக்கு நானும் உதயாவும் வரலாமா?

ஜெயஸ்ரீ

•

பீர்க்கன்கரணை
13.1.2026

ஜெயஸ்ரீக்கு,

ஐந்தில் மூன்று என்றால் என் பள்ளிக்கூடத்தில் பாஸ் கிடையாது. காலம் மாறிவிட்டது.

பொங்கலுக்கு வா. பேச மாட்டேன். பானையை இறக்க ஆள் வேண்டும், ரேஷ்மா ஊருக்குப் போகிறாள். கரும்பு நான் வாங்கிவிட்டேன், நீயும் வாங்கிக்கொண்டு வந்து நிற்காதே.

கிளியம்மாள்

•

கீழ்க்கட்டளை
9.2.2026

அன்புள்ள அத்தைக்கு,

"பால் பொங்குது, பாரு பாரு" என்று பொங்கலன்று நீங்கள் சொன்னது என்னிடம்தான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். உதயாவிடம் சொன்னேன் என்கிறீர்கள். அவள் அப்போது மொட்டை மாடியில் இருந்தாள்.

சொல்லவேண்டியது இதுவல்ல. இன்றைக்கு முதல் தடவையாக நான் எழுதியதை வைத்துக்கொண்டார்கள். இத்தனை நாளும் மற்றவர்கள் எழுதியதைப் படிக்கச் சொன்னார்கள். மேஜைமேல் பம்ப்பை வைத்து, மருந்துக்குப் பதில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடிக் குவளையில் சொட்டு எண்ணுவது என் வேலையாக இருந்தது. அந்தப் பச்சை விளக்கை முதல் நாள் பார்த்தபோது வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். இப்போது பார்க்க முடிகிறது.

இன்றைக்குக் கொடுத்தது ஒரு சின்ன வேலை. குழாய் அடைத்தால் எவ்வளவு பொறுத்துக் கத்தணும் என்கிற இடம். சீக்கிரம் கத்தினால் சும்மாச் சும்மாக் கத்துகிறது என்று நர்ஸ்கள் அமுக்கிவிடுவார்களாம், அப்புறம் நிஜமாகக் கத்தும்போது யாரும் வரமாட்டார்கள். தாமதமாகக் கத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நான் ஏழு வரி எழுதினேன். இன்னும் மூன்று பேர் பார்ப்பார்கள், அப்புறம்தான் மெஷினுக்குள் போகும். என்னோடு வேலை செய்கிறவர்கள் இன்றைக்குப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கே" என்றார்கள்.

சரியா இருக்கே என்றதிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இனிமேல் பார்க்கப்போகிற மூன்று பேரும் தவறவிட்டால்? உதயாவைக் கூட்டிப்போக உங்கள் வீட்டுக்கு வரும் வழியில் பல்லாவரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, திரும்பிப் போய் அந்த ஏழு வரியையும் அழித்துவிடலாமா என்று நின்றேன். போகவில்லை. ஆனால் இன்னும் நின்றுகொண்டிருக்கிற மாதிரிதான் இருக்கிறது.

அது யார் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்கப்போகிறதோ. உட்கார்ந்து எழுதும்போதெல்லாம் அவர் முகம்தான் வருகிறது. அப்படி வந்தால் கண் மறைக்கிறது, வரி தெரியமாட்டேன் என்கிறது. யாரை நினைத்துக்கொண்டு எழுதணும் அத்தை?

ஜெயஸ்ரீ

•

பீர்க்கன்கரணை
10.2.2026

ஜெயாவுக்கு,

சம்பத்தை நினைத்துக்கொண்டு எழுதாதே. கண் மறைக்கும். அவனுக்கு இனிமேல் எந்த மருந்தும் வேண்டாம், அவனை விட்டுவிடு.

யாரோ முகம் தெரியாத ஒருத்தர் என்றும் நினைக்காதே. சாயங்காலமானால் பசிக்கும், பஸ் போய்விடும் என்று இருக்கும். கை அசட்டையாகிவிடும்.

என்னை நினைத்துக்கொள். எனக்கும் வயசு எழுபது ஆகப்போகிறது, என்றைக்காவது ஒருநாள் எனக்கும் அதைக் கொண்டுவந்து மாட்டத்தான் போகிறார்கள். நான் அங்கே படுத்திருக்கிறேன், நீ எழுதிய ஏழு வரி என் கையில் இறங்குகிறது என்று நினைத்துக்கொள். என்மேல் உனக்குக் கோபமும் இருக்கிறது, நான் செத்துவிடக் கூடாது என்றும் இருக்கிறது. அந்த இரண்டும் சேர்ந்த அளவுக்குப் பயந்தால் போதும்.

நாளைக்குப் போய் மறுபடி ஒருதரம் பார்.

கிளியம்மாள்